காலித் தட்டு செய்த வைத்தியம்

என் வேலை சுற்றுவது. நான் சுற்றுவதில்லை, மெஷின் சுற்றும். நான் பக்கத்தில் இருப்பேன். துணி துவைக்கிற மெஷின் அளவுதான் இருக்கும், ஆனால் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று. எதிரெதிரே வைக்கிற குழாய்களின் எடை ஒன்றுக்கொன்று சரியாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் உலோகக் கட்டை பிய்த்துக்கொண்டு சுவரைத் துளைத்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் என் கையால் ஒரு சுவரும் துளைபடவில்லை. அதற்காக யாரும் என்னைப் பாராட்டியதும் இல்லை. துளைபடாத சுவரை யார் நின்று பார்க்கிறார்கள்?

எங்கள் பிரிவு ஆராய்வது வீக்கத்தை. மூட்டு வீக்கம், குடல் வீக்கம், காரணமே தெரியாத வீக்கம் எல்லாம். பேராசிரியர் அதை அழற்சி என்பார். விருந்தாளிகள் யாராவது வந்து என்னிடம் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன்: உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லுக்குப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. அந்தப் பொட்டலத்தின் பெயர் எக்ஸோசோம். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். அவற்றில் பாதிக்கு மேல் வம்புதான். மூட்டில் இருக்கும் ஒரு செல் 'இங்கே ஏதோ சரியில்லை' என்று கட்டி அனுப்பும். அதை வாங்கிய செல் விசாரிக்காமல் கொதித்துப்போய், தன் பங்குக்குப் பத்துப் பொட்டலம் கட்டும். இப்படித்தான் வீக்கம் பரவுகிறது. எங்கள் சொந்தக்காரர்களும் இதே முறையில்தான் இயங்குகிறார்கள்.

சில செல்கள் மட்டும் சமாதானப் பொட்டலம் அனுப்பும். 'ஒன்றுமில்லை, உட்கார்' என்கிற மாதிரி. அதைத் தனியாகப் பிரித்து வீங்கின மூட்டுக்குக் கொடுத்தால் என்ன? இதைத்தான் அவசரம் ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அவசரம் என்பது நான் வைத்த பெயர். முனைவர் பட்டத்துக்கு வந்தவள். காலையில் கதவைத் திறக்கும்போதே "அண்ணா, கொஞ்சம் அவசரம்ணா" என்றுதான் ஆரம்பிப்பாள். ஐந்து வருடமாக அவளுக்கு அவசரம். அப்படிச் சமாதானப் பொட்டலம் கட்டுகிற ஸ்டெம் செல்லைத் தட்டில் வளர்ப்பாள். இரண்டு நாள் கழித்துத் தட்டில் இருக்கும் திரவத்தை என்னிடம் கொடுப்பாள். நான் அதைச் சுற்றி, பொட்டலங்களைப் பிரித்துக் கொடுப்பேன். நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்து வந்த, கொதித்துக்கொண்டிருக்கும் செல்கள் மேல் அவள் அதை விடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்தச் செல்கள் அடங்கின. மறுபடி செய்தாள், மறுபடியும் அடங்கின. அவளுக்கு முன் அந்த மேஜையில் இருந்தவர் இதே செல்லை வைத்துக்கொண்டு மூன்று வருடம் மல்லுக்கட்டி, ஒன்றும் கிடைக்காமல், இப்போது தண்ணீர் வடிகட்டி விற்கிறார். அவருக்கு ராசியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

இந்தச் சேதியை அன்றைக்கே வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. என் மனைவிக்கு முடக்குவாதம்.

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் சமாளித்துவிட்டாள். பிறகு காலை நேரம் அவளுக்கு எதிரியானது. ஏழு மணிக்கு எழுந்தால் ஒன்பதரை வரை விரல் மடங்காது. டாக்டர்கள் மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். மருந்து மாறியது, காலை மாறவில்லை. பல்துலக்கக் குழாயைத் திறப்பது, பொத்தான் போடுவது, தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோவது, தலை பின்னுவது எல்லாம் என் பொறுப்பு. தலை பின்னுவதில் நான் கெட்டிக்காரன். மூன்று கால்களையும் சம எடையில் பிரிப்பேன், அது தொழில் பழக்கம். "உங்களை மாதிரி எங்கம்மாகூட இவ்வளவு இறுக்கிப் பின்னினதில்லை" என்பாள். அது பாராட்டா புகாரா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

அவசரத்தின் செல்கள் அடங்கிய கதையைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு அடங்குச்சா?"

"அடங்குச்சு."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல."

"அறுபதா, எழுபதா? சரியாச் சொல்லுங்க."

அவசரம் எழுதிய கட்டுரை ஆய்வுப் பத்திரிகையில் வெளிவந்த பிறகு மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதாகத் திட்டம். விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். இவள் அன்றைக்கே கொடுத்தாள், பதினேழாவது பெயர். தனக்கு முன்னால் இருக்கும் பதினாறு பேருக்கும் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாள். தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் அடித்துவிட்டு மறுபடி போடுவாள். நோய் வந்த பிறகு அவள் ஆசையாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

போன மாதம் பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு சோதனை மட்டும் செய்து காட்டுங்கள் என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். செல்லே போடாத காலித் தட்டு ஒன்றில் அதே திரவத்தை இரண்டு நாள் வையுங்கள். அதையும் சுற்றி, வருவதை நோயாளியின் செல்கள் மேல் விடுங்கள். ஒன்றும் நடக்கக்கூடாது, அவ்வளவுதான். அவசரம் சிரித்தாள். ஒரு வாரத்து வேலை என்றாள்.

காலித் தட்டும் அடக்கியது. ஸ்டெம் செல் எவ்வளவு அடக்கியதோ, சொல்லிவைத்த மாதிரி அதே அளவு.

அவசரம் மறுபடி செய்தாள். காலித் தட்டு மறுபடியும் வைத்தியம் பார்த்தது. மூன்றாம் முறை முடிந்ததும் அவள் என் அறைக்கு வந்து, மெஷின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அன்றைக்கு அவசரம் என்று சொல்லவில்லை.

பேராசிரியர் கூட்டம் போட்டார். மூன்று பேர்தான்: அவர், அவள், நான்.

"செல்லே இல்லாத தட்டுல பொட்டலம் எங்கிருந்து வரும்?" என்றார். "ஒண்ணு, தட்டு மாறிப்போயிருக்கணும். இல்ல, முதல்ல கொடுத்த முடிவு நிஜமா இருந்திருக்கக் கூடாது."

"நிஜம்தான் சார். நான் எதையும் மாத்தல."

"சீரம்?"

"சீரம் அண்ணன் செஞ்சு கொடுத்தது சார். அதுல தப்பு வராது."

இந்தச் சீரம் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். தட்டில் வளரும் செல்லுக்குச் சாப்பாடு வேண்டும். அதற்குக் கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஊற்றுவார்கள். உலகம் முழுக்க அதுதான் பழக்கம். சிக்கல் என்னவென்றால், மாட்டின் செல்களும் பொட்டலம் கட்டுகின்றன. சீரத்தில் அவை கோடிக்கணக்கில் மிதக்கும். அதை அப்படியே பயன்படுத்தினால் ஸ்டெம் செல்லின் பொட்டலம் எது, மாட்டின் பொட்டலம் எது என்று தெரியாது. அதனால் முதலிலேயே சீரத்தைப் பதினெட்டு மணி நேரம் சுற்ற வேண்டும். மாட்டின் பொட்டலங்கள் குழாயின் அடியில் பழுப்பாக ஒரு பூச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெஷின் நின்ற பத்து நிமிடத்துக்குள் மேலே இருப்பதை அலுங்காமல் ஊற்றி எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அந்தப் பூச்சு மெல்ல மெல்லக் கழன்று மேலே ஏறிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சீரம் அதே தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்கும்.

மதியம் இரண்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு நிற்கும். பழைய மெஷின். பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட மாட்டேன் என்று தானே நின்றுவிடும். நான் இருபது வருடம் ஏழே முக்காலுக்கு வந்து பக்கத்தில் காத்திருந்தவன். கடந்த இரண்டு வருடமாகப் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வருகிறேன்.

எட்டு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஊற்றும்போது அடியில் பழுப்புப் பூச்சு இல்லாததைப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். இப்போது வருகிற சீரம் சுத்தமாக வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மனிதன் தாமதமாக வருவதற்குத் தனக்குத் தானே என்னவெல்லாம் சொல்லிக்கொள்வான் என்று எனக்கு அப்போது தெரியாது. பாட்டிலில் ஊற்றி, 'தூய சீரம்' என்று சீட்டு ஒட்டி, கையெழுத்தும் போட்டேன்.

நாலு மணிக்கு ஆரம்பித்திருந்தால் பத்து மணிக்கு நின்றிருக்கும். ஆனால் பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு வரை மெஷின் மேல்மாடிப் பிரிவுக்குச் சொந்தம். அந்தப் பிரிவின் பொறுப்பாளரிடம் போய் அரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பார். வீட்டில் பொத்தான் போட்டுவிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். அது வேண்டாம் என்றால் வேறு யாரையாவது எட்டு மணிக்கு வந்து ஊற்றச் சொல்லலாம். என் மெஷினை இன்னொரு கை திறப்பதா? இரண்டுமே எனக்கு முடியவில்லை. முடியவில்லை என்பது பொய், மனம் வரவில்லை.

கூட்டத்துக்குத் திரும்பி வருகிறேன். "அதுல தப்பு வராது" என்று அவசரம் சொன்னதும் பேராசிரியரும் தலையாட்டினார்.

"அவர் இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றார். அங்க தப்பில்ல. அப்ப தப்பு எங்கம்மா? வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு வெச்சிருக்கேன். நீ முடிவுகளை ஜோடிச்சியா இல்லையான்னு அவங்க பார்ப்பாங்க. ஜோடிச்சதா முடிவு பண்ணா பதிவு ரத்து. வேற எங்கயும் சேர முடியாது."

அவசரம் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அது நல்ல மேஜை. வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. என்னை நானே இவ்வளவு வெறுத்தது அதற்கு முன் நினைவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலத்தில் அவள் விரல்கள் ஒழுங்காகப் பேனா பிடிக்கும்.

"இன்னைக்கு அடங்குச்சா?"

"அடங்குச்சு. காலித் தட்டுலகூட."

அவள் பேனாவை வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மணி, பத்து மணி, பூச்சு, சீட்டு, கையெழுத்து, அந்தப் பெண், வெள்ளிக்கிழமை. கணக்கு டீச்சரிடம் எதையும் வரிசை மாற்றிச் சொல்ல முடியாது.

"அப்போ எனக்கு வர இருந்த மருந்து?"

"மாடு."

"மாடா?"

"கன்னுக்குட்டி."

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தள்ளி உட்காரச் சொன்னாள்.

"சரி. மாட்டோட பொட்டலம்னா அதையே மருந்தாக் கொடுக்க முடியாதா?"

"தட்டுல அடங்குறது வேற, மனுஷ உடம்பு வேற. மாட்டோடதை ஊசியாப் போட்டா உடம்பு சண்டைக்கு வந்துடும்."

"ரெண்டு வருஷம். நான் தேதி போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்."

"உனக்குத் தலை பின்னப்போய்தான்..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது.

"என் தலைமேல போடாதீங்க." குரல் உயரவில்லை. அவள் குரல் உயராதபோதுதான் வகுப்பே நடுங்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "நான் எங்க ஹெட்மாஸ்டர்கிட்ட நேராப் போய், விரல் மடங்கல சார், பதினொரு மணிக்கு முன்னாடி எனக்கு கிளாஸ் போடாதீங்கன்னு சொன்னேன். சாக்பீஸ் பிடிக்க முடியலைன்னு பிள்ளைங்க முன்னாடியே சொன்னேன். வலி எனக்கு. வெட்கம் உங்களுக்கா?"

விடைத்தாள் கட்டின் ஓரங்களை நேராக்கி வைத்தேன்.

"நீங்க பொண்டாட்டிக்கு ஜடை பின்றவர்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னங்க ஆயிடும்? சொல்லாம மறைச்சு, இப்ப ஒரு பொண்ணோட வாழ்க்கையே போகப்போகுது. வெள்ளிக்கிழமை நீங்க பேசலைன்னா நான் வந்து பேசுவேன். எனக்குக் கைதான் மடங்காது, வாய் நல்லாத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை நான் பேசியது, அவள் வந்து பேசினால் எனக்கு இன்னும் கேவலம் என்பதற்காக இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. உண்மையில் அதுவும் ஒரு காரணம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. பேராசிரியர், மேல்மாடிப் பொறுப்பாளர், குறிப்பெடுக்க நிர்வாகத்திலிருந்து ஓர் அம்மா. அவசரம் ஐந்து வருடக் குறிப்பேடுகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றிலும் தேதி, நேரம், பாட்டில் எண், என் கையெழுத்து. முதல் கேள்வியை அவளிடம் கேட்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"தட்டு மாறல சார். சீரத்துல மாடு இருக்கு."

நான் பேசி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடம் சொல்ல முடியாதது நான்கு நிமிடத்து விஷயம்.

"எட்டு மணிக்கு ஏன் வர முடியல?" என்றார் பேராசிரியர்.

"மனைவிக்கு முடக்குவாதம் சார். காலையில விரல் மடங்காது. பொத்தான் போட்டு, தேநீர் குடிக்க வெச்சு, தலை பின்னி விட்டுட்டு வர்றேன்."

குறிப்பெடுத்த அம்மா 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதினார். "நான் சொன்னதை அப்படியே எழுதுங்கம்மா" என்றேன். அடித்துவிட்டு எழுதினார். தலை பின்னுதல் என்ற சொல் அந்த நிறுவனத்தின் கோப்பில் முதல் முறையாக ஏறியது.

மேல்மாடிப் பொறுப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் இரண்டு வருடம் பயந்த மனிதர்.

"இதை என்கிட்ட கேட்டிருக்கலாமே. எங்க ஆளுங்க பத்தரைக்கு முன்னாடி ஒருத்தன்கூட வர்றதில்லையே. நாலு மணிக்கே போட்டுக்கோங்கன்னு சொல்லியிருப்பேனே."

யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. திட்டவும் ஆள் இல்லை.

அவசரம் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "எத்தனை பாட்டில் அப்படி?"

"ரெண்டு வருஷத்துது எல்லாம்."

அவள் குறிப்பேடுகளைப் பார்த்தாள். ஐந்தில் இரண்டைத் தனியாக எடுத்துத் தரையில் வைத்தாள். அவை போயின. மடியில் மூன்று மிச்சம். அந்த மூன்றிலும் எந்தச் செல்லும் அடங்கியதில்லை.

குழு அவள் மேல் குற்றமில்லை என்று எழுதியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பட்டத்துக்கு இரண்டு வருடம் நீட்டிப்புக் கொடுத்தார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மருத்துவமனை தன் பெயர்ப் பட்டியலைக் கலைத்தது. மனைவி அலமாரிக் கதவிலிருந்து காகிதத்தைத் தானே எடுத்தாள். காலை நேரம், நகத்தால் சுரண்ட முடியாது. என்னைக் கூப்பிடாமல் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

திங்கட்கிழமை அவசரமும் நானும் குளிர்பெட்டியைக் காலி செய்தோம். மிச்சமிருந்த பாட்டில்களை உருகவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து தொட்டியில் ஊற்றினோம். தங்க நிறத்தில் அழகாக இறங்கியது. கடைசி பாட்டில் காலியானதும் நான்தான் வாயைத் திறந்தேன்.

"மேல்மாடியில சொல்லியாச்சும்மா. இன்னைக்கு நாலு மணிக்குப் புது சீரம் போடுறேன். காலையில பத்துக்கு நிக்கும். நான் ஒன்பதே முக்காலுக்கே வந்துடுவேன்."

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"வேண்டாம். நானே வந்து ஊத்திக்கிறேன்."

"பத்து மணின்னா எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"எத்தனை மணிக்கு நின்னாலும் நான்தான் ஊத்துவேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குளிர்பெட்டிச் சாவியை எங்கே வைப்பது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "மூடியை எப்படித் திறக்கணும்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். மெஷின் காற்றில்லாமல் சுற்றுவது, அதனால் முதலில் காற்றை உள்ளே விட வேண்டும், முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகுதான் கைப்பிடி. அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, நான் சொன்னது சரிதானா என்று மெஷினோடு வந்த புத்தகத்தைத் திறந்து, வரிக்கு வரி விரல் வைத்து ஒப்பிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.